ஒண்ணுமில்லைக்கு எட்டு கிலோ

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்கக்கா" என்று சின்னவள் ஆரம்பித்தால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது என்று அர்த்தம்.

"கேளு."

"நம்ம வீட்டுலேர்ந்து ரெண்டு கிலோவா கெளம்புற தலகாணி, பார்சல் ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள எட்டு கிலோ ஆயிடுதே, வழியில அப்படி என்னத்தச் சாப்பிடுது?"

பெரியவள் நிமிரவில்லை. தலையணை உறையின் மூலைக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தாள். முதலில் நாலு மூலை, பிறகுதான் வயிறு. வயிற்றை முதலில் நிரப்பினால் அது தலையணை ஆகாது, மூட்டை. மூக்கைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். புருவத்திலும் இமையிலும் பஞ்சுத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. பஞ்சு பறக்கும் என்பதால் அந்த அறையில் மின்விசிறி போடுவதில்லை. வெயில் காலத்தில் அங்கே உட்கார்ந்திருப்பது சாம்பலுக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி. வேர்வையில் பஞ்சு ஒட்டிக்கொண்டால் சொறிந்து சொறிந்தே பொழுது போய்விடும்.

"என்னக் கேட்டா? அது வாய்க்குள்ள நான் என்ன ஊட்டியா விட்டேன்?"

"அதைத்தான் கேக்குறோம்" என்றான் சின்னவன். வாசல்படியில் நின்றபடி கையில் ஒரு ரசீதை ஆட்டிக்கொண்டிருந்தான். "நம்ம தராசுல ரெண்டு. ரசீதுல எட்டு. தராசு பொய் சொல்லாது அண்ணி."

"அப்ப நான் சொல்றேங்கற."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லாமலேதான் சொல்றே. பார்சல் ஆபீஸ்காரன் மெஷின்ல எட்டுன்னு வருது தம்பி. ஏன்டான்னா, சிஸ்டத்துல அப்படித்தான் வருதுங்கறான். அந்த மனுஷன்கிட்டேர்ந்து அதுக்கு மேல ஒரு வார்த்த புடுங்க முடியாது. உனக்குத் தெரியாதா?"

"சிஸ்டம்!" சின்னவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "சிஸ்டத்துல புதுச் செருப்பும் வருதாக்கா?"

பெரியவளின் கை நின்றது. வாசலில் அவளுடைய புதுச் செருப்பு கிடந்தது. மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி தடித்த அடிப்பாகம். பெட்டிகளைச் சுமந்து பார்சல் ஆபீசுக்கு நடந்து நடந்து பழையது தேய்ந்து, கல் குத்த ஆரம்பித்த பிறகுதான் வாங்கினாள். அதுவும் சந்தைக் கடைசியில் குவித்துப் போட்டு விற்பவனிடம்.

"ஏங்க" என்று மூலையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க. ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

மூலையில் பெரியவன் குச்சியால் பஞ்சை அடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். சிறு வயதிலிருந்து தின்ற தூசி நெஞ்சில் கட்டி நிற்கிறது. எதைச் சொல்வதற்கும் முன்னால் இருமுவான். இருமி முடிப்பதற்குள் பாதிச் சண்டைகள் அவனில்லாமலே முடிந்துவிடும். அது அவனுக்கு வசதியாகவும் இருந்தது. இந்த முறை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தராசுன்னா தராசுதானே..." என்றான். "காசு கை மாறும்போது ஏதாவது மறந்து கிறந்து போயிருப்ப. யோசிச்சுப் பாரு."

பெரியவள் உறையைத் திருப்பி அடுத்த மூலையைத் திணிக்க ஆரம்பித்தாள். திணித்த வேகத்தில் தையல் பிரிந்தது.

அந்த வீட்டில் எல்லாமே எடைதான். வாங்கும் பஞ்சும் எடை, விற்கும் தலையணையும் எடை. மாமனார் ஒரு காலத்தில் ஈரம் தெளித்த பஞ்சை வாங்கி ஏமாந்தார். தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு வந்தவர், மறுநாளே ஒரு பெரிய தராசை வாங்கிக் கூடத்து உத்தரத்தில் தொங்கவிட்டார். அன்றிலிருந்து தராசில் ஏறாத எதுவும் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை, வெளியே போனதுமில்லை. அரிசி வந்தாலும் நிறுப்பார்கள். பெரியவளைப் பெண் பார்க்க வந்தபோது அவளையும் ஏற்றிப் பார்த்திருப்பார்கள், கொக்கி தாங்காது என்றுதான் விட்டார்கள் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

முன்பெல்லாம் தலையணைகளைக் கோணியில் அமுக்கிக் கட்டி, பொதியாகக் கடைகளுக்கு அனுப்பினார்கள். சின்னவன் தலையெடுத்த பிறகு போனில் ஆர்டர் வர ஆரம்பித்தது. எங்கிருந்தோ யாரோ ஒருவர் ஒரு ஜோடி கேட்பார். அந்த ஜோடியைத் தனியாகக் கட்டித் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்கும் முதலில் துணிப் பைதான். சின்னவனே வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவான். ஒரு பெண்மணி மட்டும், தலையணை செருப்படி பட்டது மாதிரி சப்பையாக வந்து சேர்ந்தது என்று எழுதிவிட்டாள். அந்த ஒரு வரியைப் படித்து அவனுக்குத் தூக்கம் போனது. உடனே பெட்டிகள் அச்சடிக்கச் சொன்னான். விறைப்பான அட்டை, மேலே தலையணைப் படம், உள்ளே ஒரு ஜோடி கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம்.

"பெட்டியப் பாத்ததுமே ஒரு மதிப்பு வரணும்" என்றான். நடையில் ஆள் உயரத்துக்குப் பெட்டிகள் வந்து குவிந்தன. பக்கவாட்டில் திரும்பித்தான் எல்லோரும் நடந்தார்கள்.

பெட்டி வண்டியில் நிற்கவில்லை. ஆகவே பார்சல் கொண்டுபோகும் வேலை பெரியவள் தலைக்கு வந்தது. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அவள் போக ஆரம்பித்த மாதமே தபால் செலவும் எகிற ஆரம்பித்தது. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட அந்த வீட்டில் யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. தலையணை விற்ற லாபமெல்லாம் பார்சல் ஆபீசிலேயே கரைந்தது. கரைந்தது அங்கேதானா, ரசீது போடுகிறவனோடு கூட்டுச் சேர்ந்த பெரியவள் கையிலா என்பதுதான் இப்போதைய கேள்வி.

"நாளையிலேர்ந்து பார்சல நான் பாத்துக்கறேன்" என்றான் சின்னவன். "அப்புறம், கொத்தனார்கிட்டயும் சொல்லியிருக்கேன். கூடத்துக்கு நடுவுல ஒரு செவுரு வச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் நிம்மதி. தொழில் இந்தப் பக்கம், நாங்க பாத்துக்கறோம். நீங்களும் அண்ணனும் அந்தப் பக்கம். அண்ணனுக்கு மாசாமாசம் ஒரு தொக குடுத்துடறேன்."

"எனக்கு?"

"உங்களுக்கு எதுக்கு அண்ணி கஷ்டம்? நல்லா ரெஸ்ட் எடுங்க."

"அந்தச் செவுத்துல, உள்ள இருக்கறவ திருடின்னு எழுதியும் வச்சுடு. வர்றவங்களுக்குச் சௌரியமா இருக்கும்."

"பாத்தீங்களா, நாம நல்லதுக்குச் சொன்னா எப்படித் திரிக்கறாங்க பாத்தீங்களா" என்றாள் சின்னவள்.

"நீ பேசாத. உன் தலகாணி மந்திரம் இவ்வளவு தூரம் கொண்டாந்து விட்டிருக்கு."

"தலகாணி செய்யுற வீட்டுல வேற என்ன மந்திரம் கெடைக்கும்?"

சின்னவளுக்கு வாய் அப்படி. பதில் சொல்வதற்கென்றே பிறந்தவள். பெரியவளுக்கு அது சில நாள் பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை. அந்த அறையில் அவள் கை படாத தலையணை ஒன்றுகூட வெளியே போனதில்லை. வேலையை எடுத்துக்கொண்டால் அவளிடம் மிச்சமிருப்பது திருடி என்ற பெயர் மட்டும்தான்.

மறுநாள் சின்னவன் ஒரு பெட்டியைத் தன் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அவள் மடியில் ஏற்றினான். பாதி வழியில் பெட்டி முகத்தை மறைத்து மூச்சு முட்டுகிறது என்று அவள் இறங்கித் திரும்பி வந்துவிட்டாள். மிச்சத் தூரம் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனானாம். போகும்போது கூவிக்கொண்டு போனான், "இன்னிக்குத் தெரிஞ்சுடும், எது எவ்வளவுன்னு."

திரும்பி வந்தபோது சத்தம் இல்லை. வண்டியை நிறுத்தினான், முகம் கழுவினான், சாப்பிட உட்கார்ந்தான்.

"எவ்வளவு ஆச்சு?" என்றாள் சின்னவள்.

"கூட்டம் ஜாஸ்தி."

"கூட்டத்தையா கேட்டேன்?"

"சாப்புட விடறியா?"

அடுப்பு அதற்குள் இரண்டாகியிருந்தது. பெரியவள் பின்கட்டில் தனியாக ஒரு முட்டையைப் பொரித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே பார்த்தாள். சின்னவன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். எழுந்து போகும்போது அவள் பக்கம் திரும்பாமல் போனான். தராசு விஷயத்தைப் பிறகு அவன் எடுக்கவில்லை. கொத்தனாரை வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்து வந்த ஆர்டர்களுக்கும் அதே பெட்டிகள்தான் போயின. சின்னவள் மட்டும் மெஷினை மிதித்துக்கொண்டே நாளுக்கு ஒரு குத்தல் விட்டுக்கொண்டிருந்தாள். "செருப்பு சத்தம் கேக்குது, சில்லறையப் பத்திரமா வைங்க" என்பாள். அவன் கேட்டும் கேளாதவன் மாதிரி இருந்தான்.

பெரியவளுக்கு வேலை இல்லாமல் உட்காரத் தெரியாது. ஒரு வாரம் போன பிறகு ஒரு மதியம் தராசுக்குக் கீழே உட்கார்ந்து தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமனார் எந்தப் பஞ்சுக் கடைக்குப் போனாலும் அவர்கள் தராசில் முதலில் வெறும் தட்டைத்தான் நிறுக்கச் சொல்வார். வெறும் தட்டு நேராக நின்றால்தான் மேலே பேச்சு. அது ஞாபகம் வந்ததும் துடைப்பதை நிறுத்தினாள். எழுந்து நடைக்குப் போய் ஒரு பெட்டியை எடுத்தாள், மடிப்பைப் பிரித்தாள், அடிப்பக்கம் டேப் ஒட்டினாள்.

"எங்க கெளம்பிட்டீங்க, பெட்டியும் கையுமா?" என்றாள் சின்னவள்.

"பார்சல் போட."

"என்ன பார்சல்? ஏங்க, இங்க வாங்க! அக்கா உள்ள எதையோ கட்டிக்கிட்டுக் கெளம்பறாங்க!"

பெரியவள் பெட்டியின் மூடியைத் திறந்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "நல்லாப் பாரு. வேணும்னா தலைய விட்டுப் பாரு."

"காலி."

"காலிதான்."

"காலிப் பெட்டிய யாருக்கு அனுப்பறீங்க?"

"அந்த மெஷின் வெறும் தட்டுக்கு என்ன சொல்லுதுன்னு பாக்கப் போறேன்."

"வெயில் ஏறிடுச்சு" என்றாள் சின்னவள், தலையைத் தட்டிக் காட்டி.

பார்சல் ஆபீசில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'சில்லறை இல்லை'. வணக்கம் சொன்னால்கூட அவனிடமிருந்து வரும் பதில் அதுதான் என்பார்கள். கம்பிக்குப் பின்னால், பசை நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பான். பெரியவள் வரிசையில் நின்று, மூடி ஒட்டிய பெட்டியை மேடைமேல் வைத்தாள்.

"தலகாணியா?"

"நீ நிறுத்துச் சொல்லு."

அவன் பெட்டியை மெஷினில் வைத்தான். பிறகு மேடைக்கடியிலிருந்து ஒரு அளவு டேப்பை உருவி, பேச்சு வார்த்தை இல்லாமல் மூன்று பக்கமும் சரசரவென்று இழுத்தான். இத்தனை மாதம் அவன் அதைச் செய்யும்போதெல்லாம் பெரியவள் காசை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். பெட்டிமேல் விலாசம் ஒட்ட இடம் பார்க்கிறான் என்றுதான் நினைத்திருந்தாள்.

"எட்டு கிலோ. எந்த ஊருக்கு?"

"எவ்வளவு?"

"எட்டும்மா. எப்பவும் வர்றதுதானே."

"உள்ள என்ன இருக்குன்னு கேளேன்."

"என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"புரியல."

"பெட்டி காலி. உள்ள ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லைக்கு எட்டு கிலோவா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஒண்ணுமில்லைக்கே இந்த ரேட்டுன்னா, ஏதாவது இருந்தா எவ்வளவு ஆகும்?" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

'சில்லறை இல்லை'க்குக் கோபம் வந்தது. "வெளையாட வந்தீங்களா? இது எடைக்கு இல்லம்மா. பெட்டி புடிக்கிற எடத்துக்கு. வண்டியில எடந்தான் வெல. நீங்க இவ்வளவு பெரிய பெட்டிய வச்சா, அந்த எடத்துல நான் எட்டு கிலோ சாமான் ஏத்தியிருப்பேன். பாருங்க, நீளம் ஐம்பது சென்டி, அகலம் நாப்பது, ஒசரம் இருவது. மூணையும் பெருக்கு. ஐயாயிரத்தால வகு. எட்டு. மெஷின் எடையா, இந்த எடையா, எது கூடவோ அதுக்குத்தான் காசு."

"அப்ப இத்தன நாளா நாங்க..."

"காத்த அனுப்பிக்கிட்டு இருந்தீங்க."

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"கேட்டீங்களா?"

"கேட்டேனே! சிஸ்டம்னு சொன்னே!"

"சிஸ்டம்னா இதுதாம்மா."

பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது.

"பெட்டி சின்னதா இருந்தா?"

"கொறையும். பெட்டியே வேணாம், பையில அமுக்கிக் கட்டிக்கிட்டு வந்தா இன்னும் கொறையும். தலகாணிதானே, ஒடையவா போகுது? இதையேதான் உங்க கொழுந்தன்கிட்டயும் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"உங்க வீட்டு ஆள்தாம்மா. வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தார்ல. என்னைத் திருடன்னாரு, உங்களோட கூட்டுன்னாரு, போலீசுன்னாரு. டேப்ப அவர் கையிலேயே குடுத்து, நீயே அளந்துக்கோன்னுட்டேன். ரெண்டு தரம் அளந்தாரு. அப்புறம் சத்தத்தையே காணோம். காசக் கட்டிட்டுப் போயிட்டாரு. சரி, இது அனுப்பணுமா, வேணாமா? பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

"வேணாம்" என்றாள் பெரியவள். "ஒண்ணுமில்லைய வாங்கிக்க வீட்டுலயே ஆள் இருக்கு."

வரும் வழியில் இரும்புக் கடையில் ஒரு டேப் வாங்கினாள். வெயிலில் தார் இளகி, புதுச் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

வீட்டில் மூவரும் இருந்தார்கள். அன்று போக வேண்டிய ஒரு ஜோடி, பெட்டிக்காகக் காத்துக்கிடந்தது. பெரியவள் காலிப் பெட்டியைக் கூடத்து நடுவில், தராசுக்கு நேர் கீழே வைத்தாள்.

"சின்னவளே, இதத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குடி."

சின்னவள் ஒரு கையால் தூக்கினாள். "ஒண்ணுமில்லியே."

"எட்டு கிலோ."

"என்னக்கா, நெசமாவே வெயில்..."

"என்னக் கேக்காத. உன் புருஷனக் கேளு. அவருக்கு ஒரு வாரமாத் தெரியும்."

கூடத்தில் பஞ்சு அடிக்கும் சத்தம் நின்றது. சின்னவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் வெளிச்சம் அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க சொல்றாங்க?"

"அது... பெட்டி அளவுக்குத்தான் காசாம். எடைக்கு இல்லியாம். நான் சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணி."

"எப்போ? செவுரு எழும்பி, சுண்ணாம்பு அடிச்சதுக்கப்புறமா?"

"பெட்டிங்க இவ்வளவு கெடக்கு. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டுச் சொல்லலாம்னு..."

"ஓ. பெட்டி கெடக்குதுன்னு என்னக் கெடத்திட்டே. அட்டைக்கு இருக்கற மதிப்பு எனக்கில்ல. தெனம் உன் பொண்டாட்டி செருப்பு, சில்லறைன்னு ஏசறா. நீ தட்டுல மூஞ்சியப் பொதச்சுக்கிட்டுத் தின்னுக்கிட்டு இருந்தே."

"எனக்குத் தெரியாதேக்கா!" சின்னவள் கணவன் பக்கம் திரும்பினாள். "என்ன வேற பேச விட்டு வேடிக்க பாத்தீங்களா? நான் ஒருத்தி லூசு மாதிரி கத்திக்கிட்டு இருந்திருக்கேன்!"

"நீ கத்தறத யாரு சொல்லி நிறுத்த முடியும்?"

"விடு, விடு" என்றான் பெரியவன். இருமினான். "தெரிஞ்சு போச்சுல்ல. முடிஞ்சுது."

பெரியவள் காத்துக்கிடந்த இரண்டு தலையணைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் போட்டாள். அவற்றின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். பஞ்சு முனகிக்கொண்டு காற்றை விட்டது.

"ஏய், என்ன பண்றே? பஞ்சு செத்துடும்!" என்றான் பெரியவன்.

"சாகட்டும். ஒரு வெயில் போட்டா எழுந்துக்கும். உங்கப்பா காலத்துல கோணியில ஏறி மிதிச்சு மிதிச்சுத்தானே கட்டினோம்? அப்ப செத்துதா? பழைய துணியக் குடு சின்னவளே. கயிறு."

உட்கார்ந்தபடியே துணியை அடியில் நுழைத்தாள், சுற்றினாள், முழங்காலால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுத்தாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பேச்சு. "இது சிஸ்டத்துக்கு. இது செருப்புக்கு. இது மறந்து கிறந்து போனதுக்கு." கடைசி முடிச்சை இறுக்கும்போது பெரியவன் குச்சியைக் கையில் எடுத்தான், அடிக்கவில்லை, திரும்ப வைத்தான். பிளாஸ்டிக் பையில் மூட்டையைப் போட்டு வாயை ஒட்டினாள். டேப்பை உருவினாள்.

"நாப்பது. முப்பது. பத்து. வகுத்துச் சொல்லு."

சின்னவன் போனில் தட்டினான். தட்டியவன் முகம் மெல்ல மலர்ந்தது. "ரெண்டே காலுக்கு மேல கொஞ்சம். மூணுன்னு போட்டாக்கூட, அண்ணி, பாதிக்கும் கீழ! ஒவ்வொரு பார்சலுக்கும்! மாசத்துக்கு எவ்வளவு ஆகும்னா..."

"உனக்குக் கணக்கு மட்டும் ஒடனே வந்துடும்."

"வாங்கறவங்க சப்பைன்னு சொல்லுவாங்களே?"

"பிரிச்சதும் வெயில்ல போடுங்க, ரெண்டு பக்கமும் தட்டுங்க, முன்னவிட நல்லா எழும்பும்னு ஒரு துண்டுல எழுதி உள்ள போடு. பெட்டிக்குக் குடுத்த காசுல இந்த ஒரு வரி எழுதியிருக்கலாம்."

"அந்தப் பெட்டிங்க?"

"படுத்துக்கோ. ஒரு மதிப்பு வரும்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு சின்னவன் பேச்சை வளர்த்தான். "இனிமே பார்சல் நீங்களே பாத்துக்குங்க அண்ணி. உங்கள விட்டா யாரு இருக்கா? செவுரும் வேணாம், கிவுரும் வேணாம். கொத்தனாருக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன்."

"நானும் ஏதோ வேகத்துல பேசிட்டேன்க்கா. மனசுல வச்சுக்காதீங்க."

"மனசுல வைக்க எடம் ஏது? இப்ப எடத்துக்குத்தானே வெலயே."

அது விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். பெரியவள் சிரிக்கவில்லை. பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தாள். தலையில் ஒன்றும் இல்லாமல் கை வீசி நடப்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

கொத்தனாருக்குப் போன் போகவில்லையா, போயும் அவர் கேட்கவில்லையா தெரியாது. காலையில் கரண்டியும் நூல்குண்டுமாக வாசலில் வந்து நின்றார்.

"அய்யோ, சொல்லணும்னு நெனச்சேன். செவுரு இல்ல. நீங்க போயிட்டு வாங்க" என்றான் சின்னவன்.

"இருக்கு. உள்ள வாங்க" என்றாள் பெரியவள் பின்கட்டிலிருந்து.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தாள். அதன் நுனியைக் கணவன் கையில் கொடுத்தாள்.

"புடிங்க."

"என்னடி இது? அவங்கதான் வேணாம்னுட்டாங்களே."

"அவங்க வேணும்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் இருமினான். அவள் காத்திருந்தாள். இருமி முடிந்ததும் அவளே சொன்னாள்.

"யோசிச்சுப் பாருன்னீங்க. யோசிச்சுட்டேன்."

"அண்ணி, தப்புதான். நான்தான் ஒத்துக்கறேனே" என்றான் சின்னவன்.

"பெட்டி தப்புன்னா ஒத்துக்கலாம் தம்பி, பெரிய விஷயமில்ல. தெரிஞ்சப்புறமும் என்னைத் திருடியாவே வச்சிருந்தே பாரு. அதுக்குத்தான் செவுரு. தலகாணி திணிக்கறது எனக்குத் தெரியும். அமுக்கிக் கட்டறதும் தெரியும். ஆர்டர் எடுக்க ஒரு போன் போதும். பஞ்சுல பாதி இந்தப் பக்கம் வரட்டும்."

"தராசு?" என்றாள் சின்னவள், மெல்ல.

"அது உங்க பக்கமே தொங்கட்டும். எனக்கு இது இருக்கு." டேப்பைக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடிங்க. ஓரமா."

பெரியவன் நுனியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். கூடத்தின் குறுக்கே டேப் விறைத்து நின்றது. சின்னவள் தாண்டிப் போக வந்து, தாண்டாமல் நின்றுகொண்டாள்.

கொத்தனார் குனிந்து எண்ணைப் படித்தார். "நீளம் ஆச்சு. செவுரு கனம் ஒரு கல்லா, அரைக் கல்லா?"

"ஒரு கல்லு."

"ஒசரம் ஆளு மட்டத்துக்கு வச்சா போதும்மா. மேல தொறந்து விட்டுடலாம். செலவும் மிச்சம், ரெண்டு பக்கமும் நல்லாக் காத்து போய் வரும்."

"காத்துக்குத்தான் நாங்க நெறையக் குடுத்தாச்சே" என்றாள் பெரியவள். "கூரை வரைக்கும் எழுப்புங்க."